எங்கள் வீட்டுச் சுவருக்குப் படம் தேடிய கதை

வண்ணார்பேட்டையிலிருந்து:

எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஹாலுக்குள் வந்து இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு சுவரைச் சுற்றிக் கோடு கிழித்தாற்போலச் சேறு. சோபாவுக்கு மேலே மாட்டியிருந்த பெரிய படம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்ததால் நனையவில்லை. வெள்ளையடிக்க இறக்கியபோதுதான் அதை நன்றாகப் பார்த்தேன். செவ்வந்தித் தோட்டம் என்று ஆன்லைனில் ஆசைப்பட்டு வாங்கியது. மஞ்சளும் சிவப்பும் போய், மொத்தமும் வெளிறிய நீலமாகக் கிடந்தது. மேற்கு ஜன்னல் வெயில் தினமும் சாயங்காலம் அதன் மேல்தான் விழும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் ஒருநாளும் எங்கள் கண்ணில் படவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு டவுனில் ரத வீதிப் பக்கம் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்குப் போனேன். வேறு படம் போட்டுத் தருவீர்களா என்றுதான் கேட்க நினைத்தேன். கடைக்கார அண்ணாச்சி படத்தையே பார்க்கவில்லை.

"எங்கன மாட்டப் போறிய தாயி? வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்?"

சொன்னேன். சட்டத்தைப் பின்பக்கம் பிரித்துக் காட்டினார். வைக்கோல் அட்டையை நேராகப் படத்தோடு ஒட்டியிருந்தார்கள். அந்த அட்டையில் இருக்கிற அமிலம் காகிதத்தில் ஏறி, ஓரமெல்லாம் பழுப்பு. முன்பக்கம் கண்ணாடி காகிதத்தைத் தொட்டுக்கொண்டு இருந்ததால் ஈரத்துக்கு இரண்டு இடத்தில் ஒட்டிப் பிடித்திருந்தது. "படத்தச் சுத்தி அட்டையில மவுண்ட் வச்சிருந்தா நடுவுல காத்து இருக்கும், ஒட்டாது. பின்னால கீழ் மூலை ரெண்டுலயும் கார்க்குத் துண்டு ஒட்டுங்க, சுவரு ஈரம் படத்துக்கு வராது." நான் படத்தின் அழகை மட்டும் பார்த்து வாங்கியவள். அச்சடித்த மை எது என்று கேட்கவே இல்லை. சாய மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், நிறமி மை அதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் கோவில்பட்டியில் எங்கள் ஆச்சி வீட்டு மச்சை ஒழித்தார்கள். பழந்துணிக்குள் சுருட்டி வைத்திருந்த முருகன் படம் ஒன்று கிடைத்தது, வள்ளி தெய்வானையோடு. அம்மா "ரவிவர்மா படம்" என்றாள். எங்கள் வீட்டில் பழைய சாமி படம் எல்லாமே ரவிவர்மா படம்தான்! அதையும் அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். பூதக்கண்ணாடி வைத்து ஒரு மூலையைக் காட்டினார். சின்னதாகக் கையெழுத்து: கொண்டையராஜு.

"ரவிவர்மா 1906லயே போயிட்டாரு. இவரு நம்ம ஊர்ப் பக்கம் தாயி."

அப்புறம் அவர் பேசப் பேச நான் நின்றுகொண்டே கேட்டேன். நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கியது, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு காலண்டர் படம் வரைந்தது, சிவகாசி அச்சகங்கள் அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது, 1976-இல் அவர் மறைந்தது. அன்றைக்குக் கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டம்தானே; 1986-இல்தான் தூத்துக்குடி பிரிந்தது. முருகன் முகத்தில் தெரிகிற அந்த நாடக மேடை வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

அவரைச் சட்டம் போடச் சொன்னேன். கிழிசலை ஒட்டவேண்டாம், தேய்க்கவேண்டாம், அமிலம் இல்லாத அட்டையில் மவுண்ட் போட்டால் போதும் என்றார். ஹாலில் மாட்டலாமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டார். இப்போது முருகன் உள் அறையில், ஜன்னல் இல்லாத கிழக்குச் சுவரில் இருக்கிறார். அத்தை தினமும் கண்ணாடி மேல் குங்குமம் வைக்கிறாள். கண்ணாடி காகிதத்தைத் தொடவில்லை என்பதால் நானும் தடுக்கவில்லை.

ஹாலுக்கு இன்னும் படம் முடிவாகவில்லை. சோபா ஆறடி, படத்தின் அளவு பார்க்க நாலடி அகலத்துக்குப் பழைய தினசரித் தாளை ஒட்டிச் சுவரில் பதித்து வைத்திருக்கிறேன். முதலில் ஆள் நிற்கும் கண் மட்டத்துக்கு ஒட்டினேன். எங்கள் வீட்டில் யாரும் நின்று பேசுவதில்லை, பாதிப் பேர் தரையில்தான் உட்காருகிறோம். ஒரு சாண் கீழே இறக்கியதும் சரியாக இருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அக்கா, தாள் ஒட்டும் யோசனை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் காசு மிச்சமாகியிருக்கும். கல்லிடைக்குறிச்சிப் பாலத்திலிருந்து என் தம்பி எடுத்த ஆற்றுப் படம், பின்னால் பொதிகை மலை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே 36 அங்குலத்துக்கு அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். நீளத்தில் 1,600 புள்ளிதான் இருந்தது. வந்து பார்த்தால் மலை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டும், அதாவது 5,400 என்று அச்சடித்த பையன் சொன்னான். அசல் கோப்பைத் தம்பியின் பழைய போனில் தேடி எடுத்து மறுபடி போட்டோம், மங்கலான மேட் காகிதத்தில். பளபளப்பில் போட்டால் டியூப்லைட் ஆற்றுக்குள் தெரிகிறது.

உங்கள் ஹாலுக்கு அந்த ஆறு வேண்டுமென்றால் சொல்லுங்கள், அசல் கோப்பு அனுப்புகிறேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து:

அத்தையிடம் கேட்டேன் தம்பி. "வீட்டுக்குள்ள வந்த ஆத்த மறுபடி சுவத்துல வேற மாட்டணுமா?" என்றாள். ராத்திரி சாப்பிடும்போது, "பாலத்துல இருந்து எடுத்ததுன்னா மலை நல்லாத் தெரியுமா?" என்று அவளே கேட்டாள். அனுப்புங்கள்.