கூடப் படிக்கிறவர் எழுதிய குடும்பக் கதைக்குக் கருத்துச் சொன்ன அனுபவம்

முறப்பநாட்டான்:
பாளையங்கோட்டையில் எம்.ஏ. படித்தபோது நடந்தது. ஆளுக்கொரு சிறுகதை எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கணும், மற்றவர்கள் கருத்துச் சொல்லணும், அந்தச் சடங்கு உங்களுக்கே தெரியும். ஒரு பெண் தன் அத்தையைப் பற்றி எழுதியிருந்தாள். பூர்வீக வீட்டில் அத்தையின் பங்கை அண்ணன்தம்பிகள் விடுதலைப் பத்திரம் போட்டு எழுதி வாங்கிவிடுகிறார்கள், பத்திர ஆபீசிலிருந்து வந்த கையோடு அத்தை அடுப்படிக்குப் போய் அவர்களுக்கே சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) வைக்கிறாள். முதல் பாலை ஊற்றிவிட்டு அது கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள் என்று ஒரு வரி. நான் பென்சிலால் வட்டம் போட்டு, "முதல் பால் கொதித்தால் திரிந்துபோகும், நுரை கட்டியதும் இறக்கணும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அத்தைக்கும் தெரியும்லா" என்றாள். அவ்வளவுதான், அடுத்த ஆள் கதைக்குப் போய்விட்டோம்.

இன்னும் அது மனசில் உறுத்துகிறது. ஆனாலும் ஒன்று, அந்தச் சொதியை யாராவது வாயில் வைத்து முகம் சுளிப்பதாக ஒரு வரி இருந்திருந்தால் நான் ஏன் வட்டம் போடப் போகிறேன்? சொதியே தெரியாத சேலத்துக்காரர் அதை எப்படிப் பிடிப்பார்?

ஆத்தங்கரை:
முகம் சுளிக்கிற வரியைச் சேர்த்தால் கதை அங்கேயே செத்தது. மறுவீட்டு விருந்தில் புது மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பை, பங்கை எழுதி வாங்கினவர்களுக்கு வைக்கிறாள், அது போதாதா வே? சரி, அத்தைக்கு எந்த வருஷம் கல்யாணம்? இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது, பூர்வீகச் சொத்தில் அண்ணன்தம்பிக்குச் சமமான உரிமை அவர்களுக்கு 2005-ல் மத்தியச் சட்டம் மாறிய பிறகுதான் வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் சேலை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டை மதினி:
என் கதை சின்னது. கூடப் படித்த பையன் எழுதியதில் ஆச்சி ரேடியோ நியூஸ் மாதிரி பேசினாள், சொன்னேன். அடுத்த வாரம் வரிக்கு வரி 'ஏலே' போட்டு வந்தான், ஆச்சி மருமகளைக்கூட 'ஏலே' என்கிறாள்! பொம்பளைகளைக் கூப்பிட 'ஏட்டி' என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது போல.

கருத்துச் சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். கதையில் வருகிற அப்பா உன் அப்பாவா என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் அப்புறம் அவர்கள் கதையைப் பற்றிப் பேசமாட்டார்கள், வீட்டைக் காப்பாற்றத்தான் பேசுவார்கள். எந்த இடத்தில் நின்று மறுபடி வாசித்தீர்கள், எங்கே பக்கத்தைத் தள்ளினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பிழையென்று தோன்றினால் "இது வேணும்னு வச்சதா?" என்று கேட்டுவிட்டு வட்டம் போடுங்கள். வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லாமல் வெளியே டீக்கடையில் வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது. தம்பி முறப்பநாட்டான், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

முறப்பநாட்டான்:
மதினி, நான் யோசனை கேட்கவே இல்லையே. ஆத்தங்கரை அண்ணாச்சி, வருஷம் கதையில் இல்லை. ஆனால் பெரியப்பா ஒரு பச்சைச் சேலையோடு அத்தை வீட்டுக்குப் போகிற கட்டம் இருந்தது, பக்கத்தில் 'வெட்டலாம்' என்று எழுதியிருந்தேன். இப்போது கேட்டாலும் அதற்கு ரெண்டு வரி போதும் என்பேன், அவள் அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.