பரிசல் சுத்தினப்போ வந்த படபடப்பு

ஓசூர்ல வேலை பார்க்கிறவ, 26 வயசு:

காலேஜ் மூணாம் வருஷம். ஏழு மாசம் போன்ல மட்டும் பேசின பையனோட, எங்க வீட்டுக்குத் தெரியாம, ஒகேனக்கல் போனேன். பரிசல்காரர் நடு ஆத்துல வேணும்னே கிறுகிறுன்னு சுத்திவிட்டார். அவன் சட்டையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். நெஞ்சு அடிச்ச அடியில முடிவே பண்ணிட்டேன், இவன்தான்னு. கரையேறி பொரிச்ச மீன் வாங்கினோம். தின்னு முடிக்கிற வரைக்கும் போனையே நோண்டிட்டு இருந்தான். ‘பாவம், கூச்சப்படறான்’னு அவனுக்கு நானே வக்கீல். ரெண்டு வருஷம் இழுத்துச்சு.

அப்புறம் எம்.ஏ. படிக்கும்போது ஒரு ஆய்வு பத்திச் சொன்னாங்க. 1974ல டட்டன், ஏரன்னு ரெண்டு பேர் கனடாவுல செஞ்சது. பாலத்துல வர்ற ஆம்பளைங்ககிட்ட ஒரு பொண்ணு சில கேள்வி கேட்டுட்டு, தன் நம்பரைக் கொடுப்பா. உயரத்துல ஆடற தொங்குபாலத்துல நம்பர் வாங்கின 18 பேர்ல 9 பேர் கூப்பிட்டாங்க. தாழ்வான, ஆடாத பாலத்துல 16 பேர்ல 2 பேர்தான். பயத்துல வந்த படபடப்பை மனசு ஆசைன்னு கணக்கு எழுதிக்குதாம். கிளாஸ்லயே சிரிச்சுட்டேன். காவிரி செஞ்ச வேலைக்கு அவன் பேர் வாங்கிட்டுப் போயிருக்கான்!

படபடன்னு வந்தா காதல்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா, ரீல்ஸ், ஹாஸ்டல் அக்காங்க. வீட்டுல மூச்சு விடமாட்டாங்க.

பென்னாகரத்துக்காரன்:

அக்கா, பசங்களுக்குப் பாடமே வேற. விடாம பின்னாடி நின்னா மனசு மாறும்பாங்க. நானும் பஸ் ஸ்டாண்டுல ஒரு மாசம் நின்னேன். ஒருநாள் அவ வரல. முக்கால் மணி நேரம் முன்னாடி போற டவுன் பஸ்ஸுக்கு மாறிட்டாளாம். எனக்குப் பயந்து ஒருத்தி இருட்டுல எழுந்து கிளம்பியிருக்கா. அப்புறம் அந்தப் பக்கமே போகல.

கிருஷ்ணகிரி, காலேஜ் பையனோட அம்மா:

2012 நவம்பர்ல, தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம், ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கு வச்சு மூணு தலித் குடியிருப்பை எரிச்சாங்களே, அப்போ என் பையனுக்கு ஏழு வயசு. அதிலிருந்து டிவில காதல்னு வந்தாலே சேனலை மாத்திடுவேன். போன மாசம் தைரியம் வரவழைச்சு, “யாரையாச்சும் பிடிச்சிருந்தா சொல்லுடா”ன்னேன்.

“சொன்னா என்ன பண்ணுவ?”ன்னான்.

அடுப்புல பால் வச்சிருக்கேன்னு உள்ளே போயிட்டேன். அடுப்புல பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல.