பல்லி சொல்வது நமக்கா, இன்னொரு பல்லிக்கா?

அரசலாறு:
குறுவைக்கு நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. அம்மா "வேண்டாம்" என்றதும் உத்தரத்தில் பல்லி சொன்னது. அப்பா அதோடு பேச்சை முடித்துவிட்டார். கும்பகோணம் பக்கம் இன்னமும் பஞ்சாங்கத்தில் திசைவாரியாகப் பலன் பார்க்கிறோம். சங்கப் பாடல்களிலேயே பல்லி நிமித்தம் வருகிறது. அத்தனை பேரும் முட்டாளா?

வெண்ணாறு:
யார் முட்டாள் என்றது? நன்றாகக் கவனித்தவர்கள்தான், பலன் எழுதியதுதான் வம்பு. ஓணான், அரணை எல்லாம் பெரும்பாலும் வாய் திறக்காது. பல்லிக்குக் குரல்நாண் உண்டு. 1970களில் மார்செல்லினி என்ற ஆய்வாளர் வீட்டுப் பல்லி ஒன்றின் குரலை மூன்றாகப் பிரித்தார்: நாம் கேட்கும் அடுக்குக் கீச்சு, பிடிபட்டால் ஒற்றைக் கீச்சு, சண்டையில் கரகரப்பு. மூன்றும் அதன் சொந்த விவகாரம்.

குடமுருட்டி:
எங்கள் வீட்டில் டிவி அலறினாலும் டியூப்லைட் பல்லி அசையாது. அதற்குக் காதே கேட்காது அண்ணே.

வெண்ணாறு:
கேட்கும் தம்பி. டிவி அதைக் கடிக்கவும் போவதில்லை, அதற்கு இரையாகவும் போவதில்லை, ஏன் அசைய வேண்டும்? கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை, அதற்குள் செவிப்பறை. இரண்டு பக்கத்துச் செவிப்பறைக்கும் நடுவே வாய்க்குழி, தவில் மாதிரி உள்ளே வெறும் காற்று. சின்னப் பல்லியை வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால் ஒரு காது வழியே மறுபக்க ஒளி தெரியும். சத்தம் செவிப்பறையை வெளியிலிருந்தும் தள்ளும், மறுகாது வழியே சுற்றிவந்து உள்ளிருந்தும் தள்ளும். அந்த வித்தியாசம் போதும், திசை பிடிபட்டுவிடும். 2005ல் கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்டும் மேன்லியும் செவிப்பறை அதிர்வை லேசரால் அளந்து இதைக் காட்டினார்கள். அவ்வளவு சின்னத் தலைக்கு இது பெரிய சாமர்த்தியம்.

அரசலாறு:
அப்போ நம் பேச்சும் கேட்கிறது! கேட்டுத்தானே பதில் சொல்கிறது?

வெண்ணாறு:
கேட்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசியில் சம்பா வயலின் தத்துப்பூச்சி விளக்கை மொய்க்கும்போது கவனியுங்கள். ஒரே விளக்குக்கு நாலைந்து பல்லி, யாரும் பேசாமலே கீச்சு. இடத் தகராறு. வெறும் திண்ணையில் சொன்னதை எவரும் கணக்கில் வைப்பதில்லை, அம்மா பேசும்போது சொன்னதுதான் நினைவில் நிற்கிறது.

குடமுருட்டி:
ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி! சரி, ஓணானுக்கும்தான் காது பளிச்சென்று தெரிகிறது. அது ஏன் பேசுவதில்லை?

வெண்ணாறு:
அது பகலில் திரிவது. தலையை ஆட்டி, கழுத்தைச் சிவக்க வைத்தே சொல்லிவிடும். பெரும்பாலான பல்லிகள் இரவாடிகள், இருட்டில் தலையாட்டி யாருக்குத் தெரியும்? காது பேச்சுக்கு மட்டும் வந்ததல்ல. காக்கை, பாம்பு வரும் சத்தமும் கேட்க வேண்டாமா?

அரசலாறு:
திசையை இவ்வளவு துல்லியமாகக் கேட்கும் ஜீவனுக்கே திசைவாரியாகப் பலன் எழுதியிருக்கிறார்கள். இது தற்செயலா?

வெண்ணாறு:
அண்ணே, விளக்கை மேற்குச் சுவருக்கு மாற்றுங்கள். பூச்சியும் மேற்கே போகும், பல்லியும் போகும், பலனும் பின்னாலேயே போகும்.