மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்த் தொகுப்பும் அதனருகே பார்க்கத்தக்க இடங்களும்: வழிகாட்டல் வேண்டும்

பட்டர்வொர்த் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டையும், அதற்கு முந்திய பத்தாண்டுகளில் மலாயாவில் உயர்நிலைத் தமிழ்க் கல்விக்காக நடந்த முயற்சிகளையும் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். வரும் பள்ளி விடுமுறையில் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்ல எண்ணியுள்ளேன். அங்கு மாணவியாக இல்லாத நான் எவ்வாறு ஆயத்தமாக வர வேண்டும்? ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்த என் தந்தையாரும் உடன் வருகிறார். முழங்கால் வலியால் அவரால் அதிகம் நடக்க இயலாது. நான் நூலகத்தில் இருக்கும் வேளையில் அவர் பார்க்கத்தக்க இடங்கள் அருகில் உண்டா?

பந்தாய் வாசகர்:

வணக்கம், ஆசிரியை அவர்களே. தாங்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான நூலகம் இந்நாட்டில் இல்லை என்பது என் கருத்து. ஏனெனில் அந்நூலகத்தின் தமிழ்த் தொகுப்பே தங்கள் ஆய்வின் ஒரு பகுதி. இந்திய ஆய்வியல் துறை 1956இல், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது தொடங்கப்பட்டது. அத்துறையில் தமிழுக்கு முதலிடமா, வடமொழிக்கா என்ற விவாதம் எழுந்த அக்காலத்தில், 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழின் பக்கம் நின்று எழுதியதோடு, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியையும் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்த அந்தப் பணம் துறையின் தமிழ் நூலகத்துக்கு ஆதாரமாயிற்று. தங்கள் தந்தையாரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தோட்டத்து மக்களுக்கு அந்த அடுக்குகளில் உரிமை உண்டு.

தனிநாயகம் அடிகளார் 1961இல் துறைத் தலைமையை ஏற்ற பிறகே மாநாட்டுக்கான களம் அமைந்தது. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானது. 1966 ஏப்ரலில் துங்கு அப்துல் ரகுமான் மாநாட்டைத் தொடக்கி வைத்தார். கட்டுரைகள் பின்னர் இரண்டு தொகுதிகளாக அச்சாயின. அவற்றை முதலில் கேட்டு வாங்குங்கள். அடிகளார் 1952 முதல் நடத்திய ஆங்கில ஆய்விதழையும் விட்டுவிடாதீர்கள்.

வெளியார் நுழைவதற்கான விதியும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, ஆய்வுத் தலைப்பையும் வேண்டிய நூல்களின் பட்டியலையும் அனுப்பிவிடுங்கள். மைகாட் எனும் அடையாள அட்டை, தங்கள் கல்விக்கூடத்தின் அறிமுகக் கடிதம் இரண்டையும் கையில் வைத்திருங்கள். இணையப் பட்டியலில் தமிழ் எழுத்தில் தேடி ஒரு நூல் அகப்படாவிட்டால், தலைப்பை ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடிப் பாருங்கள். பழைய நூல்கள் பல அப்படித்தான் பதிவாகியிருக்கும்.

லெம்பா பந்தாய்க்காரர்:

தங்கள் தந்தையாரைப் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், சகோதரி. வளாகத்துக்குள்ளேயே ஆசியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1974இல் நிறுவப்பட்ட அதன் கெண்டித் தொகுப்பு பெயர் பெற்றது; வெயிலின்றி நிதானமாகப் பார்க்கலாம். பல்கலைக்கழக அலுவல் நாள்களில் செல்வதே நல்லது. அதே ஆண்டில் தொடங்கிய ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா 80 ஹெக்டர் பரப்புடையது. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலமாதலால் தங்கள் தந்தையாருக்கு அது பிடிக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் முழங்கால் வலியோடு உள்வழிகளில் நடக்க வேண்டாம். நுழைவாயிலை ஒட்டிய பகுதியே போதும்.

பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கு கிளானா ஜெயா நகர ரயில் தடத்துக்கு மாறி, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து வளாகத்துக்கு இணைப்புப் பேருந்து உண்டு என்றாலும், பெரியவரோடு வரும்போது வாடகை வண்டியே வசதி. தங்குவதற்கு பிரிக்பீல்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். வாழையிலைச் சாப்பாடு, கோயில், 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் யாவும் அருகருகே இருப்பதால் மாலையில் இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். 1873இல் நிறுவப்பட்ட மகா மாரியம்மன் கோயிலுக்குச் செல்ல ஒரு நிலையம் தள்ளி, பசார் செனியில் இறங்க வேண்டும்.

பட்டர்வொர்த் ஆசிரியை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வெள்ளி நிதியைப் பற்றி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நூலக வாசல் வரையிலாவது தம்மையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறார். இன்னும் ஒரு கேள்வி: மாநாட்டுக் காலத்து நாளிதழ்களையும் அங்கேயே பார்த்துவிட முடியுமா?

பந்தாய் வாசகர்:

அவரைத் தாராளமாக அழைத்து வாருங்கள். அனுமதி கேட்கும் மின்னஞ்சலில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். நாளிதழ்களைப் பொறுத்தவரை, 'தமிழ் முரசு' இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவில் இணையத்தில் வைத்துள்ளதால், அவற்றை வீட்டிலிருந்தே பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வரலாம். 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' இதழுக்குப் பல்கலைக்கழக நூலகம், துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய நூலகம், தேசிய ஆவணக் காப்பகம் ஆகிய மூன்றிடமும் இப்போதே எழுதிக் கேளுங்கள். தேவையான ஆண்டுகளின் இதழ்கள் எங்கே உள்ளன என்று தெரிந்த பிறகு ரயில் சீட்டு எடுப்பது நல்லது.