இளநிலை உளவியல் சேர்க்கை: படித்தவர்களின் வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் பிளஸ் டூ படிக்கும் என் அக்காள் மகள், கல்லூரியில் உளவியல்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். கடலுக்குப் போன படகு உரிய நேரத்தில் கரை திரும்பாத இரவுகளில், கைப்பேசியைக் கீழே வைக்காமல் வாசற்படியிலேயே விழித்திருக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டது எங்கள் மாவட்டத்தில்தான் என்பதால், இத்துறைக்கு இங்கிருந்தே பிள்ளைகள் வர வேண்டும் என்று நானும் மனமார விரும்புகிறேன்.

பொதுவான இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இயலாது என்பதும், அதற்குரிய மேற்படிப்பை முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். உளவியலைத் தொலைநிலையில் நடத்த 2025-இல் யு.ஜி.சி. தடை விதித்துவிட்டதால், வெளியூர் விடுதிச் செலவுக்கும் இப்போதே வழி பார்க்க வேண்டியிருக்கிறது.

கணிதம் எடுக்காத அவளால் புள்ளியியல் தாளைச் சமாளிக்க முடியுமா? மேற்படிப்புக்கு முன் ஓரிரு ஆண்டுகள் வேலை பார்க்க நேர்ந்தால், மனிதவளத் துறை, தொண்டு நிறுவனக் களப்பணி, சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி ஆகியவற்றுள் எது பின்னாளில் பயன்படும்? மதுரையிலோ கோவையிலோ இப்படிப்பை முடித்தவர்கள், குறிப்பாக மருத்துவமனைக் களப்பயிற்சி உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.