'விசிறி நடை' வேண்டாம், 'அமர ஒதுங்கல்' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். படகோட்டும் கையேட்டுக்காக 'ப்ராப் வாக்' (prop walk) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். விசிறி (ப்ரொப்பெல்லர்) சுற்றும்போது படகின் பின்பகுதி பக்கமாக நகர்வதுதான் அது. குழுவில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ப்ராப் வாக் என்பதற்கு 'விசிறி நடை' போதும். கேட்டவுடன் புரியும்.

ஐயா, படகுப் பழக்கம் இல்லாத ஒரு நண்பரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. எது நகர்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அந்தச் சொல்லில் எதுவுமே இல்லை.

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா படித்துறையில் எலிஃபெண்டா தீவுக்குப் போகும் லாஞ்ச்கள் (பயணிகள் படகுகள்) ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பயணிகள் ஒரு லாஞ்சைத் தாண்டி அடுத்ததில் ஏறுவார்கள். அந்த நெருக்கத்துக்குள் ஒரு லாஞ்சைக் கொண்டுவந்து ஒட்டுவதை இரண்டு நாள் காலையில் நின்று பார்த்தேன். ஓட்டியவரிடம் கேட்டால் அவர் இந்த நகர்வுக்குப் பெயரெதுவும் சொல்லவில்லை. உள்ளங்கையை விரித்து, மணிக்கட்டை மட்டும் இடப்பக்கம் ஒதுக்கிக் காட்டினார். (அவரை இங்கே தாண்டேல் என்கிறார்கள். தூத்துக்குடித் தோணிகளின் 'தண்டல்' நினைவுக்கு வந்தது.)

அவர் காட்டியதுதான் விஷயம். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றி முன்னே தள்ளும் விசிறி, ரிவர்ஸில் இடஞ்சுழியாகச் சுற்றும். அப்போது படகு நேராகப் பின்வாங்காது. அதன் பின்பகுதி இடப்பக்கம் போகும். விசிறித்தண்டு சரிவாக இருப்பதால் ஒரு பக்கத்து இதழ்கள் தண்ணீரை அதிகமாகப் பிடிப்பது ஒரு காரணம். விசிறி தள்ளும் நீர் படகின் ஒரு பக்கத்தில் மோதுவது இன்னொன்று. முன்னே போகும்போதும் இது கொஞ்சம் உண்டு, ஆனால் விசிறியின் நீர் நேராகச் சுக்கானில் பாய்வதால் சரிசெய்துவிடலாம். ரிவர்ஸில் அந்த நீர் சுக்கானுக்கு வராது. படகு வேகம் பிடிக்கும் வரை சுக்கான் இருந்தும் பயனில்லை.

இதைத் தெரிந்தவர் எதிர்த்துப் போராட மாட்டார், பயன்படுத்திக்கொள்வார். இடப்பக்கம் துறையில் ஒட்ட வேண்டுமா? கொஞ்சம் சாய்வாக வந்து ரிவர்ஸ் போட்டால் பின்பகுதி தானாகத் துறையோடு சேரும். வலப்பக்கம் ஒட்டுவது அதனால்தான் கஷ்டம். குறுகிய இடத்தில் திரும்பவும் இதே வழி: சுக்கானை முழுக்க வலப்பக்கம் வைத்து, முன்னே ஒரு சின்ன உந்து, படகு ஓடத் தொடங்குமுன் ரிவர்ஸ், மறுபடி முன்னே. படகு ஏறக்குறைய தன் நீளத்துக்குள்ளேயே வலமாகத் திரும்பிவிடும்.

ஆகவே நகர்வது படகின் பின்பகுதி. அதற்கு நம் கரையோரத்தில் 'அமரம்' என்ற சொல் இருக்கிறது, முன்பகுதி அணியம். பக்கமாகப் போவதற்கு என்ன சொல்வது?

> 'விலகல்' என்றால் என்ன குறை, அண்ணா?

தங்கையே, திசைகாட்டிப் பிழைக்கு 'விலகல்' தேவைப்படும். ஒரே கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் கற்பவர் குழம்புவார். 'இழுவை' என்றாலோ இழுவைப் படகும் வலையும் நினைவுக்கு வந்துவிடும்.

'ஒதுங்கல்' பொருந்தும் என்று நினைக்கிறேன். தண்ணீர் தள்ளி ஒரு பொருள் பக்கமாகப் போவதைக் 'கரை ஒதுங்கியது' என்றுதானே சொல்கிறோம். வினையாகவும் வளைகிறது: "ரிவர்ஸில் அமரம் இடமாக ஒதுங்கும், பார்த்துக்கொள்." படகில் நின்றபடி ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல முடிகிற சொல்லாக இருக்க வேண்டும் என்பதே என் அக்கறை; 'விசிறி நடை'யை அப்படிச் சொல்லவே முடியாது.

வேதாரண்யம், தூத்துக்குடி, குமரிக் கரையில் உறவுக்காரர்கள் இருப்பவர்கள் தயவுசெய்து விசாரித்து எழுதுங்கள். அங்கே இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருந்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே வைப்போம்.