கச்சான் அடிக்கும் ஆகஸ்டில் பாம்பன் தீவு

பெரிய பட்டம் காற்றில் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர் மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங்கைக் கற்றுக்கொள்ள நான் முதல் தடவை இராமேஸ்வரம் போனது அக்டோபர் நடுவில். மூன்று நாள் தங்கினேன், மூன்று நாளும் காற்றே இல்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது. முன்பணம் வாங்கியவர்கள் "மத்தியானம் வந்துடும் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசி நாள் சாயங்காலம் பாம்பன் பக்கம் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கச்சான் போயிருச்சு தம்பி, வாடை இன்னும் எடுக்கலை. இப்ப வந்து காத்தைத் தேடுனா எப்படி?" என்றார்.

இந்தத் தீவைப் பற்றி எனக்கு இன்று தெரிந்ததில் பாதி, அன்று அவர் பக்கத்தில் இருந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டதுதான். தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். மீனவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடலில் அலை எழும்பாது. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று எடுக்கும் டிசம்பர், ஜனவரியில் அப்படியே மாறிவிடும்: வடக்குக் கரையில் அலை புரளும், தெற்கே தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். நடுவில் இருப்பது ஒடுக்கமான மணல் நிலம். காற்று அதைத் தாண்டித் தண்ணீருக்கு வரும்போது அதன் வேகம் அதிகம் குறைவதில்லை, ஆனால் கரையோரத்தில் அலையைக் கிளப்ப அதற்குத் தூரமும் கிடைப்பதில்லை. பலத்த காற்று, அலையில்லாத தண்ணீர் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். இங்கே வருடத்தில் இரண்டு பருவம் கிடைக்கிறது.

அடுத்த ஆகஸ்டில் சித்தி மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதுமே ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடியது. பக்கத்தில் 1914 இல் திறந்த பழைய ரயில் பாலம். அதில் வண்டி ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடும். அக்காளும் தம்பியுமாகச் சின்ன வயதில் எத்தனையோ தடவை 22 தீர்த்தம் ஆட வந்திருக்கிறோம். அப்போதெல்லாம் காற்று என்றால் கண்ணில் விழும் மணல், அவ்வளவுதான்.

முதல் நாள் முழுக்கக் கரையில்தான் பாடம். இரண்டு மூன்று சதுர மீட்டர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே நின்றால் எவ்வளவு இழுக்கும் என்று பழக வேண்டும். தலைக்கு நேர் மேலே, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில், பட்டம் சாதுவாக நிற்கும். அதையே காற்று போகும் திசையில் நமக்கு முன்னால் தாழ இறக்கினால் ஆளையே தூக்கிவிடும். இரண்டாம் நாள் 9 சதுர மீட்டர் பட்டத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். மணல் திட்டுகளுக்கு நடுவில் இருந்த காயல் அது. காற்று எந்தப் பக்கம் இழுத்துப் போனாலும் ஒரு திட்டில்தான் போய் ஒதுங்குவோம். புதிதாகக் கற்பவர்களுக்கு அந்த மாதிரி இடம்தான் சரி.

அன்று மத்தியானம் காற்று 20 நாட், மணிக்குக் கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர். பட்டம் சாய்வதைப் பார்த்துப் பதறி, பட்டத்தின் கயிறுகள் வந்து சேரும் கைப்பிடிக் கம்பியான பாரை நெஞ்சோடு சேர்த்து இழுத்துவிட்டேன். இழுத்தால் பட்டத்தின் பலம் கூடும். ஒரே வீச்சில் முப்பது மீட்டர் தண்ணீருக்குள் முகம் குப்புறப் போனேன், மூக்கு வாயெல்லாம் உப்பு. பயந்தால் கை தானாக இறுகிவிடுகிறது, ஆனால் இதில் பயந்த நொடியில் கையை விட வேண்டும். விட்டால் பட்டம் தளர்ந்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் இடுப்புப் பட்டைக்கு முன்னால் உள்ள சிவப்புப் பிடியைத் தள்ளிவிட வேண்டும். கரையில் இதைப் பத்துத் தடவையாவது செய்து பார்க்காமல் யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இன்னொன்று. காயலுக்கு வெளியே உள்ள தட்டையான தண்ணீரைப் பார்த்துக் குளம் என்று நினைக்கக் கூடாது. காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது, கயிறு அறுந்தால் நாமும் அந்தத் திசையில்தான் போவோம். மீட்புப் படகு தயாராக நிற்காத இடத்தில் பணமே வாங்கவில்லை என்றாலும் இறங்க வேண்டாம். தீவின் கிழக்குக் கோடியான அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும், அங்கே கால் நனைக்கும் ஆசையும் வேண்டாம்.

மாலையில் சுற்றுலா வண்டிகளை ஊருக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரம் தனுஷ்கோடி சாலையில் நடந்து பாருங்கள். மணல் ஓடும் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் போன ஊரின் மாதா கோயில் சுவர்கள் அப்படியே நிற்கின்றன. வலை தைத்த பெரியவரை இந்தத் தடவையும் தேடிப் போய்ப் பார்த்தேன். அந்த இரவில் அவர் கைக்குழந்தையாம். அம்மா முந்தானையில் கட்டிக்கொண்டு மணல் மேட்டில் ஏறியதைச் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். "எங்களுக்குக் காத்துன்னா பயமும் உண்டு, சோறும் உண்டு" என்றார். நாங்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு விளையாடுவதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் கோபம் இல்லை. வலை போட்டிருக்கும் பக்கம் மட்டும் வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் காலை சித்தி மகள் போர்டில் எழுந்து நின்றுவிட்டாள். எனக்கு மத்தியானம் வரை ஆனது. எண்ணி ஏழு விநாடி இருக்கும். காலுக்குக் கீழே தண்ணீர் கிழியும் சத்தம், கைக்கு மேலே 24 மீட்டர் கயிற்றின் முனையில் பட்டம், வேறொன்றும் இல்லை. உடம்பெல்லாம் வலித்தும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாடை எடுத்ததும் ஜனவரியில் மறுபடி போகிறோம். இந்த முறை தெற்குக் கரை. அந்த மாதங்களில் தனுஷ்கோடி சேற்றுப் பரப்புகளில் பூநாரைகள் வந்து இறங்கும், அவை மேயும் பக்கம் பட்டம் விடவே மாட்டோம் என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டோம். பெரியவருக்கு போன் செய்தேன். பொங்கலுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.